புதுக் கணினியில் ஓடாத பழைய டிசைன் மென்பொருள்: கடைக்காரர் என்ன செய்யலாம்?

இந்த வாரம் பல்லேகமவில் கடை நடத்தும் ஒரு சகோதரரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். போட்டோகொப்பி, கல்யாணக் காட், நோட்டீஸ், பெனர் டிசைன் என்று செய்பவர். பல வருடங்களாக பேஜ்மேக்கர் 7 இல்தான் வேலை. 2025 அக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அவருடைய பழைய கணினியோ விண்டோஸ் 11 ஐ ஏற்கவில்லை. ஆகவே புதுக் கணினி ஒன்றை வாங்கினார். அதில் பேஜ்மேக்கரை நிறுவ முடியவில்லை. "புதுக் கணினியில் பழைய விண்டோஸைப் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்.

கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவருக்கு இது ஒரு சின்னத் தலைவலி. பக்கத்துக் கடைக்குப் போய் வேலையை முடித்துக்கொள்வார். லக்கல பல்லேகமவில் அப்படியல்ல. றத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலை ஏறி, இலுக்கும்புர தாண்டி இறங்க வேண்டிய ஊர். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பட்டினத்தை விட்டுவிட்டுப் புதிய லக்கல நகரத்துக்கு மாறிய வியாபாரிகளுக்கு, இடம் மாறுவதன் செலவு என்னவென்று நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அங்கே கணினி நின்றால் மாத்தளைக்கு ஓடத்தான் வேண்டும். காட் கேட்டவரின் நிக்காஹ் திகதியோ அதற்காகக் காத்திருக்காது.

அவருடைய கேள்விக்கு நேரடியான பதில்: போடக்கூடாது. பெரும்பாலும் போடவும் முடியாது. இன்றைய மதர்போர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவர்கள் கிடைப்பதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8 இல் நிறுத்தியது. விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 இல் நிறுத்தியது. அப்படிப்பட்ட இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்துக் கடை நடத்துவது இரவில் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது. 2017 மே மாதம் வனாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, மாட்டிக்கொண்டவை திருத்தங்கள் போடப்படாத விண்டோஸ் கணினிகளே.

பழைய மென்பொருள் ஏன் ஓடுவதில்லை? எந்த மென்பொருளும் தானாக இயங்குவதில்லை. திரையில் கோடு வரையவும், கோப்பைச் சேமிக்கவும், பிரிண்டருக்கு அனுப்பவும் அது இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முறை மாறிவிட்டால் பதில் கிடைக்காது. பேஜ்மேக்கரை 1985 இல் அல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994 இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 7 ஆம் பதிப்பு 2001 இல் வந்தது. 2004 இல் அதன் வளர்ச்சியை அடோபி நிறுத்திவிட்டது. இன்று விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஏற்கும், 16 பிட் மென்பொருளை ஏற்காது. 1990 களில் வந்த பல மென்பொருள்களில் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் செட்டப் 16 பிட்டாக இருக்கும். அதனால்தான் சிலருக்கு வாசலிலேயே தடை விழுகிறது. இன்னொரு காரணம், அந்தக் கால மென்பொருள்கள் தமது சொந்தக் கோப்புறைக்குள்ளேயே குறிப்புகளை எழுதிக்கொள்ளும். 2007 இல் விண்டோஸ் விஸ்டா வந்தது முதல் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் அப்படி எழுத விண்டோஸ் எளிதில் விடுவதில்லை.

ஆகவே முதலில் செய்து பார்க்க வேண்டியது செலவில்லாத வேலை. செட்டப் கோப்பின் மேல் வலது பக்கம் சொடுக்கி, 'புரொப்பர்ட்டீஸ்' என்பதில் 'கொம்பட்டிபிலிட்டி' பகுதிக்குப் போய், எக்ஸ்பி முறையைத் தெரிவு செய்யுங்கள். நிர்வாகியாக இயக்குங்கள். நிறுவும் இடம் கேட்கும்போது 'புரோகிராம் ஃபைல்ஸ்' வேண்டாம், சீ டிரைவில் வேறொரு கோப்புறையைக் கொடுங்கள். பேஜ்மேக்கர் 7 ஐ இவ்வாறு புதிய விண்டோஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடோபியின் உத்தரவாதம் எதுவும் இல்லை. திறந்தாலும் பீடிஎஃப் எடுக்கும்போது நின்றுவிடலாம். பேஜ்மேக்கர் பீடிஎஃப் எடுப்பது போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர், டிஸ்டிலர் என்ற இரண்டின் உதவியோடு. விண்டோஸோடு வரும் பீடிஎஃப் பிரிண்டரால் ஒரு நோட்டீஸை ஒப்பேற்றலாம், அச்சகத்துக்கான நிறப் பிரிப்பு வேலைக்கு அது போதாது.

அடுத்த வழி கணினிக்குள் கணினி. வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி அதற்குள் எக்ஸ்பியை ஓடவிட்டு, எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கரை ஓடவிடுவது. எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி ரெம் கொடுத்தாலே தாராளம். தொழில்நுட்ப ரீதியில் இது நன்றாக வேலை செய்யும். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இணையத் தொடர்பைக் கொடுக்காமல், கோப்பு மாற்ற ஒரு பொதுக் கோப்புறையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே ஓடும் எக்ஸ்பிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கணினியோடு சேர்ந்து வந்து பெட்டியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும் எக்ஸ்பி அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. அதைப் புதுக் கணினிக்குள் கொண்டுபோக உரிமை இல்லை. தனியாகப் பெட்டியில் வாங்கிய சீடி இருந்தால் கதை வேறு. எமது கடைகளில் அது எத்தனை பேரிடம் இருக்கும்?

இதைச் சொன்னவுடன் 'எல்லாரும் கொப்பிதானே போடுகிறார்கள்' என்பார்கள். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடியபோது, வியாபாரப் பெயர், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நாட்டுச் சட்டத்திலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. 2013 ஜனவரியில் நடந்த ஒரு கூத்தும் நினைவுக்கு வருகிறது. பழைய சீஎஸ் 2 பதிப்பைச் சரிபார்க்கும் சேர்வரை மூடியதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் தொடர்ந்து பாவிப்பதற்கென்று அடோபி ஒரு பிரதியையும் இலக்கத்தையும் வெளியிட்டது. 'போட்டோஷொப் இலவசம்' என்று உலகமே இறக்கிக்கொண்டது! அது வாங்கியவர்களுக்கு மட்டுமே உரிய சலுகை. கிராக் செய்த பிரதியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிராக்கோடு சேர்ந்து என்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு வைன் இருக்கிறது. விண்டோஸ் இல்லாமலேயே விண்டோஸ் மென்பொருளை ஓடவைக்கும் இந்த முயற்சி 1993 இல் தொடங்கியது. கோரல் நிறுவனமே 2000 இல் கோரல்ட்ரோ 9 ஐ லினக்ஸுக்குக் கொண்டுவர வைனைத்தான் பயன்படுத்தியது. பழைய மென்பொருள் சில வைனில் நன்றாக ஓடும், புதியவை அடிக்கடி முரண்டு பிடிக்கும். கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒரு சிறு கடைக்கு இதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

இவ்வளவும் மென்பொருளை ஓடவைக்கும் வழிகள். ஆனால் கடைக்காரர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. எமக்குத் தேவை பேஜ்மேக்கரா, அல்லது பேஜ்மேக்கருக்குள் இருக்கும் வேலைகளா? பாடசாலையின் பரிசளிப்பு விழா மலர், பள்ளிவாசலின் ரசீதுப் புத்தகம், கடைகளின் பில் புத்தகம், ஒவ்வொரு வருடமும் திகதியை மட்டும் மாற்றி அடிக்கும் கலண்டர், இவைதான் கடையின் முதல். வாடிக்கையாளர் எம்மை நம்பி விட்டுவைத்த அமானிதமும் அவைதான். அவற்றை வெளியே எடுத்துவிட்டால் பேஜ்மேக்கர் ஓடினாலென்ன, ஓடாவிட்டாலென்ன?

எடுப்பதில்தான் சிக்கல். அது எழுத்துருவில் இருக்கிறது. இலங்கையில் தமிழ் டிசைன் வேலையில் பெரும்பகுதி பாமினியில் நடந்தது. பாமினியில் அடித்த தமிழ், கணினியின் கண்ணுக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமகனின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சிங்கள வேலைக்குப் பாவிக்கும் எஃப்எம் அபயா வகை எழுத்துருக்களுக்கும் இதே கதைதான். பல்லேகம போன்ற இடத்தில் சிங்கள வாடிக்கையாளரே அதிகம் என்பதால் இரண்டு தலைவலியும் சேர்ந்தே வரும். பேஜ்மேக்கருக்கு யுனிகோட் அறவே தெரியாது. தமிழ் அச்சகங்கள் இத்தனை வருடம் பேஜ்மேக்கரை விடாமல் பிடித்திருந்ததற்குப் பழக்கம் ஒரு காரணம், பாமினி அதைவிடப் பெரிய காரணம்.

ஆகவே, பழைய கணினி ஓடும்போதே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். கோப்புறைகளை முழுதாக, படங்களோடும் எழுத்துருக்களோடும் சேர்த்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். படங்களைப் பிரித்துவிடக் கூடாது. பெரிய படங்களை பேஜ்மேக்கர் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் அவை இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வதுண்டு. சாதாரண பேஜ்மேக்கரில் வலமிருந்து இடமாக அரபி எழுத முடியாததால் பிஸ்மில்லாஹ்வைக் கூடப் படமாகத்தானே வைத்திருப்பீர்கள்? படம் தவறினால் காட்டில் அந்த இடம் மங்கலாக அடிபடும். இரண்டாவதாக, திரும்ப வரக்கூடிய வேலை ஒவ்வொன்றையும் எழுத்துரு உட்பொதித்த பீடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். மாற்ற முடியாவிட்டாலும் அப்படியே அச்சடிக்கலாம். மூன்றாவதாக, அடிக்கடி மாறும் வேலைகளின் வாசகத்தை மட்டும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின்னர் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். எமது பெயர்களில் ஹ, ஷ, ஜ, ஸ நிறைய வரும். ஹாஜியார் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் ஐந்நூறு காட்டும் குப்பைக்கூடைக்குத்தான்.

பேஜ்மேக்கர் கோப்பை நேரடியாகத் திறக்கவும் வழிகள் உண்டு. அடோபியின் இன்டிசைனில் சீஎஸ் 6 வரையான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பின்னர் வந்தவை திறக்காது. லிப்ரே ஒபீஸ் 2015 இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து திறக்கிறது. பக்க அமைப்பு அங்குமிங்கும் விலகும், ஆனால் வாசகமும் படமும் கைக்கு வரும். அதுவே பாதி வேலை.

புதிதாக எதில் வேலை செய்வது? அடோபியின் புதிய மென்பொருள்கள் சந்தா முறையில் கிடைக்கின்றன, சந்தாவின் கணக்கு டொலரில். 2022 இல் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். மாதாமாதம் வேலை உள்ள பெரிய அச்சகத்துக்கு அது கட்டுப்படியாகலாம். சிறு கடைக்கு ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் என்ற மூன்றும் போதும் என்பது எமது கருத்து. மூன்றும் இலவசம், வியாபாரத்துக்குப் பாவிக்கவும் அனுமதி உண்டு, ஆகவே ஹலாலா என்ற கேள்விக்கே இடமில்லை. ஸ்கிரைபஸில் தமிழும் அரபியும் ஒழுங்காக வரத் தொடங்கியது 2017 இல் வந்த 1.5.3 பதிப்பில். அதற்கு முன்னர் முயன்று கைவிட்டவர்கள், 2024 இல் வந்த 1.6 பதிப்பை இன்னொருமுறை பார்க்கலாம். எந்த மென்பொருளானாலும் காசு கொடுக்கும் முன்னர் அதில் 'கொழும்பு', 'ஸ்ரீ', 'மௌலவி' என்று யுனிகோடில் அடித்துப் பாருங்கள், பிஸ்மில்லாஹ்வை அரபியில் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, அரபி எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றாலோ அந்த மென்பொருள் எமக்கு உதவாது.

பழைய கணினியை விற்றுவிட வேண்டாம். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இணைய வயரைக் கழற்றிவிட்டு, பழைய கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் ஒரு மூலையில் வையுங்கள். அந்தப் பெட்டிக்குரிய விண்டோஸும் அதற்குள்ளேயே இருப்பதால் அனுமதிப் பிரச்சினையும் எழாது. பென் டிரைவில் கோப்புகளை மாற்றும்போது புதுக் கணினியில் வைரஸ் சோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமோ பழைய லேசர் பிரிண்டரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த மூலைக் கணினி இன்னும் அவசியம். 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது, உற்பத்தியாளர் புதிய டிரைவர் வெளியிடாவிட்டால் நல்ல இயந்திரமும் சும்மா கிடக்கும். பெரலல் போர்ட்டில் செருகும் பூட்டு வைத்த எழுத்துரு மென்பொருள்களும் அப்படித்தான். புதுக் கணினிகளில் அந்தத் துவாரமே இருப்பதில்லை.

இன்னும் கணினி வாங்காதவர்கள், வாங்கப் போகும்போது மென்பொருள் சீடியையும் பழைய கோப்புகள் நாலைந்தையும் கையோடு கொண்டுபோங்கள். காசை எண்ணிக் கொடுக்கும் முன்னர் கடைக்காரரின் முன்னாலேயே நிறுவி, திறந்து, ஒரு பக்கம் அச்செடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றும் வேலையை கல்யாண சீசனில் தொடங்க வேண்டாம். நோன்பு மாதத்தில் காட் வேலை குறைவு. நாளொன்றுக்குப் பத்துக் கோப்புகள் வீதம் மாற்றினாலும் பெருநாளுக்குள் முந்நூறு கோப்புகள் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.