ரொக்கேயா கண்ட பள்ளி

பெண்கல்வியில் பள்ளியைத் திறப்பது முதற்படியே. வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள தொலைவைக் கடக்கச் செய்வதே கடினமான பணி. கல்கத்தாவில் இப்பணியை மேற்கொண்டவர் ரொக்கேயா சக்காவத் ஹுசைன்.

1880-ஆம் ஆண்டு, இன்று வங்கதேசத்திலுள்ள ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்தில் நிலக்கிழார் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெண்கள் வங்காளமும் ஆங்கிலமும் கற்பதை அக்குடும்பம் விரும்பவில்லை. தமையனார் இப்ராகிமும் தமக்கையார் கரீமுன்னிசாவும் அளித்த துணையாலேயே அவர் அம்மொழிகளைக் கற்றார். பாகல்பூரில் அரசு அலுவலராயிருந்த கணவர் சக்காவத் ஹுசைன் அவரை எழுதத் தூண்டினார்.

எழுத்தும் சிந்தனையும்

பெண்ணின் தாழ்வு இயற்கையன்று. கல்வியும் பொருளுரிமையும் மறுக்கப்பட்டதன் விளைவே அது என்பது ரொக்கேயாவின் அடிப்படைக் கருத்து. 1905-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய மகளிர் இதழில் வெளிவந்தது. அக்கதையில் ஆண்கள் வீட்டினுள் அடைபட்டிருக்கின்றனர். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்து, சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தி நாட்டை ஆள்கின்றனர்.

பள்ளியும் வண்டியும்

1909-இல் கணவர் மறைந்தார். பெண்கல்விக்கென அவர் ஒதுக்கியிருந்த பணத்தைக் கொண்டு, ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பள்ளி தொடங்கப்பெற்றது. குடும்பப் பிணக்கினால் அவ்வூரை விட்டு வந்த ரொக்கேயா, 1911-இல் கல்கத்தா வலியுல்லா சந்தில் எட்டு மாணவியருடன் அதனை மீண்டும் தொடங்கினார். மொழிப் பாடங்களோடு முதலுதவி, தையல், உடற்பயிற்சி ஆகியனவும் கற்பிக்கப்பட்டன.

மாணவியரை அழைத்துவரப் பள்ளி வண்டி ஏற்பாடாயிற்று. கோஷா முறைக்கேற்பக் காற்றும் புகாதபடி அது மூடப்பட்டிருந்தமையால் சிறுமியர் மயங்கி விழுந்தனர். அடைப்பை நீக்கித் திரைச்சீலை கட்டியதும், சீலை காற்றில் விலகுகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. இருதரப்புத் துன்பத்தையும் 1931-இல் வெளிவந்த ‘அவரோத்பாசினி’ நூலில் அவர் பதிவு செய்துள்ளார். கோஷாவின் கொடுமையை எழுத்தில் கடிந்த அவரே, பெற்றோரின் நம்பிக்கையை இழவாதிருக்கப் பள்ளியில் அதற்கு இடங்கொடுக்க வேண்டியிருந்தது. இது கொள்கைத் தளர்ச்சியன்று. பிள்ளைகள் வகுப்பறையை அடைவதற்குச் செலுத்திய விலை எனலாம்.

1916-இல் இஸ்லாமிய மகளிர் சங்கத்தை நிறுவி, ஏழைப் பெண்களுக்கும் விதவையருக்கும் உதவினார். 1932 டிசம்பர் 9 அன்று கல்கத்தாவில் காலமானார். அவர் கண்ட பள்ளி பின்னர் அரசுப் பள்ளியாகி, இன்றும் அந்நகரில் இயங்கிவருகிறது.

மேற்கு வங்க அரசு 2015-இல் தொடங்கிய மாணவர் மிதிவண்டித் திட்டமும் பள்ளிக்குச் செல்லும் வழியைக் கருதியதே. பாடத்திட்டத்தைப் போன்றே பயணவழியும் கல்வித் திட்டத்தின் பகுதி என்பதை அலுவலர்கள் ரொக்கேயாவின் அனுபவத்திலிருந்து அறியலாம்.