முதலில் இறங்கப் பழகு

அன்பு மருமகளுக்கு,

உன் மூன்று கேள்விகளும் வந்து சேர்ந்தன. இன்னும் நாலு அங்குலம் உயரமாகக் குதிக்க என்ன செய்யலாம், இந்த வயதில் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா, காலில் மணல் பை கட்டிக்கொண்டு ஓடலாமா. கடைசிக் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கணுக்காலில் எடை கட்டி ஓடினால் உன் ஓட்டத்தின் தாளம் கெடும், முட்டிக்கும் இடுப்புக்கும் வேண்டாத இழுவை சேரும், குதிப்பு மட்டும் கூடாது. அந்தப் பைகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடு.

குதிப்பைப் பற்றித்தான் ஆசையாகக் கேட்டிருக்கிறாய். நான் இறங்குவதைப் பற்றிப் பேசப்போகிறேன். கூடைப்பந்து ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எல்லோருடைய கண்ணும் மேலேயே இருக்கிறது. ஆனால் ரீபவுண்டுக்கோ லே-அப்புக்கோ எத்தனை முறை எழும்புகிறாயோ அத்தனை முறையும் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் உன் எடையைப்போலப் பல மடங்கு விசை பாதத்தில் ஏறி, கணுக்கால், முட்டி, இடுப்பு என்று மேலே போகிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்தான். மரத்தளம் கொஞ்சமாவது அமுங்கிக் கொடுக்கும். சிமெண்ட் எதையும் வாங்கிக்கொள்ளாது, முழுவதையும் உன் உடம்புதான் வாங்கவேண்டும்.

டெரிக் ரோஸ் என்ற சிகாகோ வீரரைக் கேள்விப்பட்டிருப்பாய். 2011இல், 22 வயதில், என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் வேறு யாரும் இல்லை. மறு வருடம் ஏப்ரல் 28 அன்று, பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் வேகமாக உள்ளே நுழைந்து, இரண்டு காலையும் ஊன்றி எழும்பினார். இடது முட்டியின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்துவிட்டது. யாரும் அவர் முட்டியில் இடிக்கவில்லை. அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

இது அவர் ஒருவருக்கு நடந்த விபத்து இல்லை. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் கூடைப்பந்தில் ஏ.சி.எல். கிழிந்த 39 சம்பவங்களின் வீடியோவை எடுத்துவைத்து ஒவ்வொரு நொடியாகப் பார்த்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் முட்டியில் யாரும் மோதவில்லை. இறங்கும்போதோ, ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதோ, திரும்பும்போதோதான் கிழிந்திருக்கிறது. பாதம் தரையைத் தொட்டதிலிருந்து ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. கண் இமைப்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். அவ்வளவு குறுகிய நேரத்தில் 'முட்டியை நேராக வைக்கணும்' என்று யாராலும் யோசிக்க முடியாது. உடம்புக்கு அது முன்னமே பழகியிருக்க வேண்டும். அதே ஆய்வில், பெண்களுக்கு முட்டி உட்பக்கமாக மடிந்து விழுவது ஆண்களைவிட அடிக்கடி தெரிந்தது. பெண்களுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பே சில மடங்கு அதிகம். உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முறையாகப் பழகினால் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம் என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எப்படிப் பழகுவது? ஓர் அடி உயரமுள்ள படியின்மேல் நில். குதிக்காதே, ஒரு காலை முன்னால் நீட்டி அப்படியே கீழே விழு. இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடவேண்டும். தொட்டவுடன் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முட்டியை மடக்கி, சிலைபோல மூன்று நொடி நில். முட்டி கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே இருக்கவேண்டும், உள்ளே சாயக்கூடாது. சத்தத்தையும் கவனி. 'தொப்' என்று கேட்டால் எலும்பும் மூட்டும் அடியை வாங்குகின்றன. சத்தம் அடங்க அடங்கத் தசை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள். ஐந்து முறை செய், ஓய்வெடு, மறுபடி ஐந்து. ஒன்றிரண்டு வாரத்தில் இது சுத்தமாக வந்தபிறகு, மேலே எழும்பி இறங்கு. பிறகு பக்கவாட்டில். ஒற்றைக் காலில் இறங்குவது கடைசி. அதற்கு அவசரப்படாதே. பிராக்டீஸ் தொடங்குமுன் வார்ம்-அப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஆனால் வருடம் முழுக்கச் செய்யவேண்டும். போட்டி நெருங்கியதும் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள், நீ விடாதே.

இறங்குவது வந்துவிட்டால் குதிப்பும் கூடும். பிரேக் சரியில்லாத வண்டியை யாரும் முழு வேகத்தில் ஓட்டமாட்டார்கள் இல்லையா, உன் உடம்பும் அப்படித்தான். வேகத்தை அடக்கத் தெரிந்த காலால்தான் முழு வேகத்தில் வந்து ஊன்றி, அந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்ப முடியும்.

இனி எடைக்கு வருகிறேன். வளர்த்தி நிற்காது. முறையாகச் சொல்லித்தருபவர் பக்கத்தில் இருந்து, எடையைப் படிப்படியாக ஏற்றினால், வளரும் பிள்ளைகளும் எடை தூக்கலாம் என்பதைக் குழந்தை மருத்துவர்களின் அமைப்புகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரு ரீபவுண்டில் இறங்கும்போது உன் முட்டி வாங்கும் விசை, நீ தொடக்கத்தில் தோளில் வைக்கப்போகும் எடையைவிட மிக அதிகம். முறை தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு போட்டிபோட்டுத் தூக்குவதுதான் ஆபத்து.

என்.பி.ஏ. வீரர் ஸ்டீபன் கரியின் கதை இங்கே உனக்கு உதவும். 2011-12 பருவத்தில் கணுக்கால் தொந்தரவால் அவரால் 66 ஆட்டங்களில் 26இல்தான் ஆட முடிந்தது. இரண்டு வருடங்களில் இரண்டு முறை அறுவை சிகிச்சை. அதன்பிறகு அவருடைய அணியின் உடற்பயிற்சியாளர் கீகீ லைல்ஸ், கணுக்காலோடு நிற்காமல் இடுப்பைப் பலப்படுத்துவதில் கவனத்தைத் திருப்பினார். ஆட்டத்தில் வெட்டித் திரும்பும்போது பாரம் முழுவதும் கணுக்காலில் விழாமல், இடுப்பும் பின்தொடையும் அதை வாங்கவேண்டும் என்பது எண்ணம். 86 கிலோ எடையுள்ள அந்த ஒல்லி மனிதர் ஏறக்குறைய 180 கிலோ டெட்லிஃப்ட் தூக்கும் அளவுக்கு வந்தார். 2015, 2016 இரண்டு வருடமும் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

உனக்கு 180 கிலோ வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது நிமிடம், ஆறு அசைவுகள் போதும். முதலாவது ஸ்குவாட். எடையில்லாமல், பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க, முதுகு வளையாமல் இருபது முறை உட்கார்ந்து எழ முடிகிற வரை கையில் எதையும் எடுக்காதே. அது வந்ததும் புத்தகங்கள் அடைத்த பள்ளிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய். அடுத்தது டெட்லிஃப்ட். முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடையை எடுப்பது. வீட்டு வாட்டர் கேன் நிறைந்திருந்தால் இருபது கிலோ. அதை முதுகை வளைக்காமல் எடுக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்! மூன்றாவது, ஒரு காலை முன்வைத்து இறங்கி எழும் லஞ்ச். கூடைப்பந்தில் பாதி வேலை ஒற்றைக் காலில்தான் நடக்கிறது, அதனால் இதை மட்டும் எந்த நாளும் விடாதே. பிறகு பின்தொடைக்கு: மண்டியிட்டு நில், தோழி ஒருத்தி உன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய், தாங்கமுடியாத இடத்தில் கையை ஊன்று. முதல் நாளில் நாலு முறைக்கு மேல் வேண்டாம், மறுநாள் வலிக்கும். இவற்றோடு படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும் தண்டாலும்.

எவ்வளவு எடை என்று கேட்பாய். எட்டு முறை செய்து முடித்தபோது இன்னும் இரண்டு முறை சுத்தமாகச் செய்யலாம் என்று தோன்றினால் அது சரியான எடை. அசைவின் வடிவம் கலைந்தால் அன்றைக்கு அதோடு சரி. எடையை மெதுவாகவே ஏற்று.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஒரே சீராக ஓடச் சொல்கிறார்கள் என்றாய். அடித்தளத்துக்கு அது தப்பில்லை. ஆனால் உன் ஆட்டம் அப்படி நடப்பதில்லை. ஆஸ்திரேலிய வீரர்களைப் பற்றி 1995இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு ஆட்டத்தில் ஒரு வீரர் ஏறக்குறைய ஆயிரம் முறை அசைவை மாற்றுகிறார் என்று எண்ணிச் சொன்னார்கள்: ஓட்டம், நிறுத்தம், பக்கவாட்டு நகர்வு, குதிப்பு, நடை, இரண்டு நொடிக்கு ஒன்று. அதனால் 28 மீட்டர் கோர்ட்டில் போய்வந்து திரும்பும் ஓட்டங்களை, இருபது நொடி முழு வேகம், நாற்பது நொடி நடை என்று எட்டுச் சுற்று செய். ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பைத் தாழ்த்தி நிற்பதைக் கவனி. ஏப்ரல், மே வெயிலில் இதை விடியற்காலையில் முடித்துவிடு. தாகம் வருமுன்பே தண்ணீர் குடி.

சாப்பாட்டில் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். இவ்வளவு ஓடிக்கொண்டு, எடை போட்டுவிடுமோ என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளும் பெண்கள் நம் அணிகளில் நிறையப் பேர். மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால் 'விளையாடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்' என்று யாராவது சொல்வார்கள், நம்பாதே. உடம்புக்குத் தீனி போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், எலும்பு பலமிழக்கும். உடனே அம்மாவிடம் சொல், டாக்டரிடம் போ. முட்டை, பயறு, கடலை, தயிர், கீரை, வயிறு நிறையச் சோறு. இரத்தசோகை இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ட்யூஷன் முடிந்து பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுவதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அதை மாற்றவேண்டும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் அதிகம் தூங்கச் சொல்லிப் பார்த்தபோது, ஓட்ட வேகமும் கூடியது, ஃப்ரீ த்ரோ துல்லியமும் 9 சதவீதம் கூடியது.

வலி வந்தால்: முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், வளரும் வயதில் அது அடிக்கடி வருவதுதான். குதிப்பதைக் குறைத்து டாக்டரிடம் காட்டு. முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் ஒரு அடிகூட ஓடாதே, எண்ணெய் போட்டு நீவ யாரையும் விடாதே, எலும்பு மூட்டு டாக்டரிடம் நேராகப் போ. கணுக்கால் பிசகினால் வீக்கம் வடிந்ததோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அந்த ஒற்றைக் காலில் கண்ணை மூடி அரை நிமிடம் ஆடாமல் நிற்க வந்தபிறகே கோர்ட்டுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம்.

நீ அனிதா பால்துரையைப்போல ஆடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாய். நம் சென்னைப் பெண், 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். பிள்ளை பெற்றபிறகு திரும்பிவந்து, 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற இந்திய அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ. அவருடைய ஷாட்டுகளை வீடியோவில் பார்க்கும்போது, அவர் எத்தனை வருடம் ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வேலை செய். ஓரடிப் படியிலிருந்து ஐந்து முறை இறங்கு. தம்பியிடம் செல்போனைக் கொடுத்து, நேர் எதிரே முட்டி உயரத்தில் பிடித்து எடுக்கச் சொல். இன்னொரு முறை பக்கவாட்டிலிருந்தும் எடுக்கட்டும். முட்டி மறையாத அரைக்கால் சட்டை போட்டுக்கொள். இரண்டையும் எனக்கு அனுப்பு. இடது முட்டி உள்ளே சாய்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். போன மாதம் ஆட்டத்தில் அந்தக் கால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே பட்டது.

அன்புடன்,
அத்தை