தினசரிக் குறிப்பும் சரித்திரக் கல்வியும்

சரித்திரபாடம் கற்பிக்குங்கால் அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் மாணாக்கர்க்கு நெட்டுருச் செய்விக்கின்றோம். அக்காலத்து ஏழையொருவன் எந்நோயால் வருந்தினான், யாருக்குக் கடன்பட்டான், எதற்கு அஞ்சினான் என்று ஒரு சிறுவன் எழுந்து வினாவினால் யாது விடை கூறுவோம்? கல்வெட்டும் செப்பேடும் இவற்றைப் பெரும்பாலும் கூறா. இவற்றைக் கூறுவது தினசரி. தினசரியாவது, ஒருவர் தாம் கண்டதையுங் கேட்டதையும் அன்றன்றே தேதியிட்டு எழுதிவைக்குங் குறிப்பாம். அதனைச் சரித்திரச் சான்றாகக் கொள்ளும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க மிஷன் ஐயர்மார் 1816 இல் யாழ்ப்பாணத்தை அடைந்து, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் முதலிய இடங்களிற் பாடசாலைகளை நாட்டினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும், உடுவிற் பெண்பாடசாலை 1824 இலும் தொடங்கின. அவர்கள் தங்கள் தினசரிகளையுங் கடிதங்களையும் பொஸ்ரன் நகரிலிருந்த தலைமைச் சங்கத்துக்குக் கப்பலில் அனுப்பிவந்தனர். அச்சங்கத்தின் பத்திரங்கள் இன்று ஹாவார்ட் சர்வகலாசாலையின் ஹௌற்றன் நூல்நிலையத்திற் காக்கப்படுகின்றன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய யாழ்ப்பாணக் கிராம வாழ்க்கையை ஆராயப்புகும் ஒருவர் கடல்கடந்த அந்நூல்நிலையத்தையும் நாடவேண்டியவராகின்றார். பிறர் எழுதிய எழுத்தில் நம் முன்னோரின் பிள்ளைகளும், நோய்களும், திருவிழாக்களும், வாதங்களும் கிடக்கின்றன. அவற்றைப் பேணிக் காத்தமைக்கு நாம் நன்றி பாராட்டல் வேண்டும்.

ஆயினும் ஒன்று சிந்திக்கற்பாலது. அவற்றுட் பல, பொஸ்ரனிலுள்ளோர் வாசித்துப் பொருளுதவி செய்தற்பொருட்டும் எழுதப்பட்டவை. அவற்றின் பகுதிகள் அச்சங்கத்தின் மாசிகையில் அச்சாகி அந்நாட்டிற் பரவின. அங்ஙனம் எழுதுவோர் தம் வேலையின் பயனைப் பெரிதாகவும், எதிர்நின்றோரின் நியாயத்தைச் சிறிதாகவுங் காட்டுதல் இயல்பே. பொய்யென்று தள்ளலாகாது, முழுமையென்று கொள்ளலுமாகாது.

இனித் தமிழர் ஒருவர் தமிழிலெழுதிய தினசரியை நோக்குவாம். புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 தொடங்கித் தம் இறுதிக்காலமாகிய 1761 வரை தினசரி எழுதினார். வியாபாரக் கணக்கு, கப்பல் வரவு, கவர்னர் துய்ப்ளேயின் பேச்சு, ஊர்வதந்தி யாவும் அதில் உள. பிறர் சொல்லக் கேட்டவற்றை இன்னார் சொன்னார் என்று குறித்தல் அவர் வழக்கம். 1748 செப்டெம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியைப் பிரெஞ்சுத் துரைத்தனத்தின் கீழ்ப் பிழைத்த அவரே மறையாது எழுதிவைத்தார். அவர் எழுதாதிருப்பின் அந்நாட்களில் நிகழ்ந்ததைத் தமிழர் வாயால் நாம் கேட்டிருத்தல் அரிது. அத்தினசரி ஆங்கிலத்தில் 12 பாகங்களாக 1904 முதல் 1928 வரை சென்னையில் வெளியிடப்பட்டது.

ஆதலின் எத்தினசரியையும் கையிலெடுக்குமுன் மாணாக்கன் மூன்று வினாக்களை வினாவப் பழகவேண்டும். எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? இம்மூன்றும் அறிந்தவன் பத்திரிகைச் செய்தியிலும் ஏமாறான்.

இனி நம் மாத்தளைக்கு வருவாம். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளையை அடைந்த நம் மக்களுட் பலர் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலே மாண்டனர். தோட்டத் துரைமாரின் கடிதங்களுங் கணக்குகளும் பல எஞ்சியுள. நடந்து வந்தவரின் பெயர் செக்றோலில் உண்டு. அவர் சொல் அதில் இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை பாட்டன் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, காட்டுதற்கு எழுத்தின்றித் திகைத்த குடும்பங்கள் மிகப்பல. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பலர் கடல்கடந்து சென்றபோது அவர்தம் நினைவுகளும் உடன்சென்றன. தினசரி சட்டப்பத்திரத்துக்கு ஈடாகாது என்பது மெய்யே. ஆயினும் எழுதும் வழக்கமே இல்லாத குடிக்குத் தான் யாரென்று பிறர்க்குக் காட்டும் வழி அரிதாகின்றது.

இதனைச் சொல்லும் யானுங் குற்றவாளியே. யான் மிஷன் பாடசாலையொன்றிற் கற்றவன். ஐயர்மாரின் தினசரிப் பகுதிகளை அங்கே பயபக்தியோடு வாசித்தேன். அதே நாட்களில், தோட்டக் கணக்கப்பிள்ளையாயிருந்த என் பாட்டனார் விளக்கு வைத்தபின் எழுதிவந்த கொப்பிகள் எங்கள் வீட்டுப் பரண்மேற் கிடந்தன. அவற்றை யான் ஒருநாளும் விரித்துப் பார்த்திலேன். பின்னர்ப் பெட்டியைத் திறந்தபோது நான்கு தாள்களே எஞ்சின. ஒரு தாளில் அன்றைய மழை, கொழுந்தின் நிறை, ஒரு பிள்ளை பிறந்தது, ஒருத்தி காய்ச்சலில் இறந்தது ஆகியவை இருந்தன. மற்றைத் தாள்களில் எத்தனை பிறப்பும் இறப்பும் இருந்தனவென்பது கறையானுக்கே வெளிச்சம்.

ஆசிரியர்களே, இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. மேல்வகுப்பு மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்து நாடோறும் ஐந்து வரி எழுதுக. முதல்வரியில் தேதியும் மழைவெயிலும், அடுத்து இரண்டு வரிகளிற் கண்டது, நான்காவதிற் கேட்டதும் சொன்னவர் பெயரும், ஐந்தாவதில் தம் கருத்து. கண்டதையுங் கருத்தையுங் கலவாதிருத்தலே இதன் இலக்கணம். வாரத்தில் ஒருநாள் பாட்டன் பாட்டிமாரிடஞ் சென்று பழைய செய்தியொன்றைக் கேட்டு, அவர் சொற்படியே எழுதிவருக. பிறர் மனம் நோவனவற்றை எழுதவும் வாசிக்கவும் ஆசிரியர் வற்புறுத்தலாகாது. வீட்டிற் பழைய கொப்பியும் கடிதமும் இருப்பின் அவற்றைத் தூசி துடைத்து, ஈரமும் கறையானும் அணுகாத பெட்டியில் வைக்கும்படி சொல்லுக. உடையவர் இசையின் ஒரு படி எடுத்துப் பாடசாலையில் வைக்க.

நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசித்து இதுகாறும் மகிழ்ந்தும் வெகுண்டும் வந்தோம். இனி நாமும் எழுதுவோமாக. பரணிலே பெட்டி இருக்கும் ஆசிரியர் எவரேனும் இதனை வாசிப்பின், இன்று மாலையே அதனைத் திறந்து பார்ப்பாராக.