நோய் வரும் வழியை அடைக்க: வீட்டுக்கும் மாடித் தோட்டத்துக்கும் சில குறிப்புகள்

தொற்றுநோய் தானாக நடந்து வருவதில்லை. நமக்கானாலும் செடிக்கானாலும் பல நேரங்களில் அதைச் சுமந்து வருவது ஒரு கையோ, துணியோ, பூச்சியோதான். அந்தச் சுமைதூக்கியை வாசலிலேயே நிறுத்தச் சில வழிகள்:

1. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, மணி பிளான்ட் பாட்டில் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்புறத்தில் பொடிப்பொடிக் கறுப்புப் புள்ளிகளாக முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது. அதனால் டெங்கு காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் சில நாள் கழித்து அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும்.

2. ‘மெட்ராஸ் ஐ’ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் கதை. கண்ணைக் கசக்கிய கை, துண்டு, தலையணை உறை, கண்மை இவற்றால்தான் பரவும். ஒருவருக்கு வாங்கிய சொட்டு மருந்தை இன்னொருவருக்கு விடக் கூடாது. கறுப்புக் கண்ணாடியால் உள்ள லாபம், கை அடிக்கடி கண்ணுக்குப் போகாது என்பதுதான்.

3. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பக்குக் கட்டும்வரை பரவும். வாசலில் வேப்பிலை செருகுவது வைரஸைத் தடுக்காது. ஆனால் வருகிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை கிடையாது! இதுவரை அம்மை வராத கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

4. தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, பானைக்குள் விரல் முங்க டம்ளரை விட்டு மொண்டால் கொதிக்க வைத்தது வீண். நீளக் காம்புள்ள கரண்டி வையுங்கள்.

5. வெண்டை இலை மஞ்சளானால் உடனே உரம் போடாதீர்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மஞ்சளித்திருந்தால் பெரும்பாலும் சத்துக்குறை. நரம்புகளே வலைபோல மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இது வெள்ளை ஈயால் பரவும் வைரஸ். வந்த செடிக்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கும்முன் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். சும்மா பிடுங்கினால் ஈயெல்லாம் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். மீதிச் செடிகளைக் காப்பாற்ற, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள்.

6. பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு தக்காளி, மிளகாய்ச் செடிகளைத் தொட வேண்டாம் (வீட்டு ஆண்கள் கவனிக்க!). காய்ந்த புகையிலையிலும் புகையிலைத் தேமல் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். உலகில் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் இதுதான். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போங்கள். கிளை நறுக்கும் கத்தரியையும் செடிக்குச் செடி கழுவுங்கள்.

7. செம்பருத்தியில் எறும்பு வரிசை ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அதைத் தூக்கிப் போய்ப் புதுக் கிளையில் குடிவைக்கும்.

8. கிணற்றடியில் நட யாராவது வாழைக்கன்று கொடுத்தால், தாய்மரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றால் அது முடிக்கொத்து நோய். கன்றோடு சேர்ந்தே வரும், பிறகு அசுவினி அதைப் பக்கத்து மரங்களுக்கும் பரப்பும். பழனி மலையின் விருப்பாச்சி வாழையைப் பெருமளவில் அழித்தது இதுதான்.