சோளம்: நம் இலைக்கு வந்த தானியம்

ஆலயத் திருவிழா என்றால் அன்னதானம் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி என்று நன்கொடையாளர்கள் மனமுவந்து கொடுக்கும் பொருட்களோடு, கடந்த சில ஆண்டுகளாகச் சமையற்கூடத்தில் இன்னொன்றும் இடம் பிடித்துவிட்டது. அது சோளம். அவித்த சோளம் சுண்டலாகிறது. சோளமாவு குழம்பையும் பாயசத்தையும் கெட்டியாக்குகிறது. சோள எண்ணெயில் வடை பொரிகிறது. பந்தியில் அமரும் அன்பர்கள் இதைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கின்றனர். இனிப்பு நீர் உள்ளவர் இதைச் சாப்பிடலாமா? சிலருக்கு அரிப்பு வருகிறதே, இதனாலா? மரபணு மாற்றிய சோளம் என்கிறார்களே, அது ஆண்டவனுக்குப் படைக்கத் தக்கதா? கொடுப்பவரும் சமைப்பவரும் உண்பவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலேசியத் தமிழர்களாகிய நாம் சோளம் என்றால் மலாய்க்காரர்கள் ஜாகுங் என்று சொல்லும் கதிரையே நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கு மக்காச்சோளம் என்று பெயர். அங்கே வெறுமனே சோளம் என்றால் அது வேறொரு சிறுதானியம். வட இந்தியர் ஜோவார் என்பது அதுவே. தமிழ்நாட்டுச் சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோள தோசை என்று அங்கு எழுதியிருந்தால் அது ஜாகுங் மாவில் சுடும் தோசையன்று. இக்கட்டுரையில் சோளம் என்று வருமிடமெல்லாம் மக்காச்சோளத்தையே குறிக்கும்.

இது நம் முன்னோர் அறியாத தானியம். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிகோவின் பழங்குடி மக்கள் ஒரு காட்டுப் புல்லிலிருந்து இதை உருவாக்கினர். 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே மற்ற நாடுகளுக்கு இது பரவியது. வெளிநாட்டுத் தானியத்தை நைவேத்தியமாக வைக்கலாமா என்று தயங்குவோர் உண்டு. மிளகாய், கச்சான், முந்திரி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் அதே கண்டத்திலிருந்து வந்தவைதாம். அவற்றுள் பலவற்றை நம் மடைப்பள்ளிகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே சோளத்தை மட்டும் ஒதுக்குவதற்குப் பிறப்பிடம் ஒரு காரணமாகத் தோன்றவில்லை. அந்தந்த ஆலயத்தின் வழக்கப்படி நடப்பதே முறை.

சோளம் கப்பலேறியபோது ஒரு முக்கியமான பொருள் கரையிலேயே நின்றுவிட்டது. அது சுண்ணாம்பு!

மெக்சிகோ மக்கள் சோளத்தை அப்படியே அரைத்து உண்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, தோல் நீக்கிக் கழுவி, பின்னரே அரைத்து ரொட்டி சுடுவார்கள். சோளத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. ஆனால் அது நம் குடலால் எடுத்துக்கொள்ள இயலாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது, கால்சியத்தையும் சேர்க்கிறது. இந்த அறிவியல் எதுவும் தெரியாமலே அம்மக்கள் பல தலைமுறைகளாக இதைச் செய்து வந்தனர். ஐரோப்பியர்களோ விதையை மட்டும் எடுத்துச் சென்றார்கள், பக்குவத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

விளைவு கொடியது. சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே ஒரு புதிய நோய் தோன்றியது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், ஓயாத வயிற்றுப்போக்கு, முடிவில் புத்தி பேதலிப்பு, மரணம். ஸ்பெயினில் 1735-இல் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் இதைக் கண்டறிந்து எழுதினார். இத்தாலியில் இதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் இதனால் மாண்டனர். இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். இது உணவுக் குறைவால் வருவது என்று 1914 முதல் பாடுபட்டு நிறுவியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசாங்க மருத்துவர். அந்தக் குறை நியாசின்தான் என்பது 1937-இல் தெளிவாயிற்று.

இந்தியாவிலும் பெல்லாக்ரா இருந்தது. ஐதராபாத்தைச் சுற்றிய தக்காணப் பகுதியில், ஜோவார் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் அது காணப்பட்டது. தேசிய ஊட்டச்சத்து ஆய்வுக் கழகத்தில் அதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் (1918–2019). தானியத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதும் ஒரு காரணம் என்று 1960-இல் அவரும் ஸ்ரீகாந்தியாவும் எழுதினர். அக்கருத்து பின்னர் பெரிதும் விவாதிக்கப்பட்டது.

இக்கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் மலாயா மண்ணிலேயே இதற்கு ஒப்பான ஒன்று நடந்திருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னர் இங்கே பெரிபெரி நோய் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் பலிகொண்டது. அவர்கள் உண்டது நன்கு தீட்டிய பச்சரிசி. தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் தமிழ் மக்களிடம் அந்நோய் அரிது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. இந்த வேற்றுமையை டாக்டர் பிராடன் எடுத்துக்காட்டினார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெச்சர் ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பலர் நோயுற்றனர், மாண்டோரும் உண்டு. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே நோய் மிகச் சொற்பம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதே காரணம். நம் பாட்டிமார் நெல்லை அவித்ததும் மெக்சிகோப் பாட்டிமார் சோளத்தைச் சுண்ணாம்பில் ஊறவைத்ததும் ஒரே வகை அறிவு.

இன்று நாம் சோளத்தை மட்டுமே உண்டு வாழவில்லை. பல்வகை உணவு கிடைப்பதால் பெல்லாக்ரா அச்சம் நமக்கில்லை. ஆயினும் சோளத்தின் குறை அப்படியே இருக்கிறது. அதன் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்ற இரு அமினோ அமிலங்கள் குறைவு. இக்குறையைப் போக்கிய சோள வகைகளை உருவாக்கியதற்காக, இந்தியரான சுரிந்தர் வாசல், மெக்சிகோ நாட்டு எவாஞ்செலினா வில்லேகாஸ் இருவருக்கும் 2000-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நமக்கு அதைவிட எளிய வழி உண்டு: பருப்பு. பருப்பில் லைசின் மிகுதி. கடலையோடு, பாசிப்பயற்றோடு சோளத்தைச் சேர்த்துச் சுண்டல் செய்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும்.

இனி, இனிப்பு நீர் உள்ளவர்களின் கேள்விக்கு வருவோம். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இந்தியர்களிடையே விகிதம் பிற இனத்தவரைவிட அதிகம். அன்னதானப் பந்தியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். வேகவைத்த இனிப்புச் சோளம் 100 கிராமில் சுமார் 95 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் புரதம், 2 முதல் 3 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. கண்ணுக்கு நன்மை செய்யும் மஞ்சள் நிறமிகளும் ஃபோலேட்டும் உண்டு. நல்ல உணவுதான். ஆனால் பலர் சோளத்தைக் காய்கறி என்று எண்ணி, முழு இலைச் சோற்றோடு கூட்டாகவும் சேர்த்துக்கொள்கின்றனர். மாவுச்சத்தைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ அரைக் கோப்பைச் சோறு. சோளம் எடுத்தால் அந்த அளவு சோற்றைக் குறைக்க வேண்டும்.

அதே சோளம் உருமாறினால் தன்மையும் மாறுகிறது. அவித்த முழு மணி மெதுவாகச் செரிக்கும். காலையில் பாலூற்றி உண்ணும் சோளப் பொரிச்சீவல் இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும். பசார் மாலாமில் கோப்பையில் விற்கும் சோளத்தில் மார்ஜரினும் கெட்டிப்பாலும் சேர்கின்றன. அங்கே சோளத்தைக் குறைசொல்லிப் பயனில்லை!

ஒவ்வாமை

சோளத்தால் உண்டாகும் ஒவ்வாமை அரிது, ஆனால் பொய்யன்று. அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஏற்படலாம். இதற்குக் காரணமான புரதங்களுள் ஒன்று வெப்பத்தைத் தாங்கும்; ஆகவே நன்றாக வேகவைத்ததால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. வெறும் வயிற்று உப்புசத்தை ஒவ்வாமை என்று கொள்ளவும் கூடாது. ஐயமிருந்தால் மருத்துவரிடம் சோதித்துத் தெரிந்துகொள்வதே நலம்.

சிக்கல் எங்கே என்றால், சோளம் மறைந்திருக்கும் இடங்கள் பல. கஸ்டர்ட் மாவு என்பது பெரும்பாலும் நிறமும் மணமும் ஊட்டிய சோளமாவே. (அதன் பிறப்பும் ஒவ்வாமையால்தான். முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1837-இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கியது அது.) பேக்கிங் பவுடர், மிட்டாய், சூப் கட்டி, சில மாத்திரைகள் ஆகியவற்றிலும் சோளம் இருக்கலாம். நம் நாட்டு உணவு விதிமுறைகள் கோதுமை, நிலக்கடலை, சோயா, பால், முட்டை போன்றவற்றை ஒவ்வாமைப் பொருட்களாகச் சுட்டுகின்றன. சோளம் அப்பட்டியலில் இல்லை. ஆகவே உறையில் கஞ்சி ஜாகுங், தெப்போங் ஜாகுங் என்ற சொற்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

இதற்கு மாறாக, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோளம் பெரும் துணை. ஆனால் அவர்களுக்கென்று சோளச் சுண்டல் செய்துவிட்டுக் கூட்டுப் பெருங்காயத்தைத் தூவினால் பயனில்லை. அதில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம்.

பூஞ்சணம்

அன்னதானத்துக்குப் பொருள் கொடுப்போரும் பாதுகாப்போரும் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது இதுவே. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், பருவந்தப்பிய மழையில் நனைந்த சோளத்தில் பூஞ்சணம் பிடித்தது. வேறு உணவில்லாத மக்கள் அதையே உண்டனர். 397 பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டு மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டன. 106 பேர் இறந்தனர். ஐதராபாத் ஆய்வுக் கழகம் ஆராய்ந்ததில், பூஞ்சணத்தின் நஞ்சான அஃப்லாடாக்சினே காரணம் என்று தெரிந்தது. நம் நாட்டிலும் 1988 அக்டோபரில், சீனர்களின் விழாக் காலத்தில், பேரா மாநிலத்தில் ஒரு வகை மீ உண்ட 13 குழந்தைகள் மாண்டனர். அது சோளத்தில் செய்ததன்று. எனினும் அஃப்லாடாக்சின் மீதே பின்னர் ஆய்வாளர்களின் ஐயம் விழுந்தது.

இந்நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது. சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டால் ஈரல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். ஜொகூரின் ஈரக் காற்றில் உலர்ந்த சோளமும் கச்சானும் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, சுவரிலிருந்து தள்ளி அடுக்க வேண்டும். பழையது முதலில் தீர வேண்டும். பூத்துப்போனதையும் மக்கிய வாடை வருவதையும் கழுவிப் பயன்படுத்துவது கூடாது. காணிக்கையாக வந்த பொருளை எறிவதா என்று மனம் கூசும். கொடுத்தவரும் அதைத் தம் பெயரால் பரிமாறுவதை விரும்பமாட்டார்.

மரபணு மாற்றம்

அமெரிக்காவில் 1996 முதல் பயிராகும் பி.டி. சோளத்தில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணு சேர்க்கப்பட்டுள்ளது. அது உண்டாக்கும் புரதம் தண்டு துளைக்கும் புழுவின் குடலைத் தாக்கும். நம் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். வேறொரு வகை, களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றப்பட்டது. புழு துளைப்பது குறைவதால் பி.டி. சோளத்தில் ஃபுமோனிசின் என்ற பூஞ்சண நஞ்சும் குறைகிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டார்லிங்க் என்ற சோளத்தின் புரதம் எளிதில் செரிக்காததால், ஒவ்வாமை வரலாம் என்று கருதி, கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. 2000-ஆம் ஆண்டில் அது மனித உணவிலும் கலந்திருப்பது தெரியவந்து, கடைகளிலிருந்து முந்நூறு வகைக்கும் மேற்பட்ட பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், அந்தப் புரதத்தால் ஒவ்வாமை வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் பிரித்து வைத்தது கலக்காது என்ற நம்பிக்கை தகர்ந்தது. 2016-இல் அமெரிக்க அறிவியல் கழகம், மரபணு மாற்றிய உணவு மற்றதைவிட உடலுக்கு அதிக ஆபத்தானது என்பதற்குச் சான்றில்லை என்று அறிவித்தது. களைக்கொல்லியின் பயன்பாடு, விதை உரிமை சில நிறுவனங்களின் கையில் சேர்வது ஆகியவை பற்றிய வாதங்கள் வேறு. அவை நியாயமானவை, இன்னும் தீரவில்லை.

மலேசியாவில் 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டிலிருந்து சில மரபணு மாற்றிய சோள வகைகளை உணவுக்கும் தீவனத்துக்கும் இறக்குமதி செய்ய அனுமதி வழங்கப்பட்டது. ஆண்டுக்கு முப்பது இலட்சம் டன்னுக்கும் மேலான சோளம் பெரும்பாலும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. அங்கு விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றியதே. அது வந்து சேருவது பெரும்பாலும் கோழிக்கும் மற்றக் கால்நடைக்கும் தீவனமாக. மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உறையில் குறிக்க வேண்டும் என்று 2010-இல் திருத்திய விதி கூறுகிறது. மிகவும் சுத்திகரித்த எண்ணெய், சோளப்பாகு போன்றவற்றுக்கு விலக்குண்டு.

ஜொகூரில் தோட்டம் போட்டு விளைவித்து, சாலையோரம் விற்கும் இனிப்புச் சோளம் இதில் சேராது. அதன் மிகுந்த இனிப்பைக் கண்டு பலர் ஐயுறுகின்றனர். அது இயற்கையில் தோன்றிய ஒரு மாற்றத்தை வழக்கமான ஒட்டுவிதை முறையில் வளர்த்தெடுத்ததால் வந்தது.

சைவ உணவினர் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி. சோளத்தில் விலங்கின் மரபணு உண்டா? பரவலாகப் பயிராகும் வகைகளில் சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் நுண்ணுயிர்களின் மரபணுக்கள். அண்மைக் காலத்தில், வேரைத் தின்னும் வண்டின் மரபணுத் துணுக்கு ஒன்றையே அவ்வண்டுக்கு எதிராகப் பயன்படுத்திய வகையும் வந்திருக்கிறது. இதை ஏற்காதவர்கள் பதப்படுத்திய பொருட்களைத் தவிர்த்து, உரிக்காத பச்சைக் கதிரை உள்ளூர் விவசாயியிடம் வாங்கிப் படைக்கலாம்.