துறை சேரும் மடிக்கணினி

மடிக்கணினியின் சிறப்பே அதன் குறையாகவும் இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றாக இணைந்திருப்பதால்தான் அதை மடித்துப் பைக்குள் வைக்க முடிகிறது. ஆனால், கைகளுக்கு வசதியான உயரத்தில் விசைப்பலகையை வைத்தால் திரை தாழ்ந்துவிடுகிறது. திரையைக் கண்மட்டத்திற்கு உயர்த்தினால் கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. மணிக்கணக்கில் கட்டுரை எழுதுபவரின் கழுத்தும் தோளும் இதை நன்கு அறியும்.

பெரிய திரை, தனி விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை மேசையில் வைத்துக்கொண்டால் இச்சிக்கல் தீரும். ஆயினும், நாள்தோறும் நான்கைந்து கம்பிவடங்களைச் செருகவும் கழற்றவும் யாருக்குப் பொறுமை இருக்கும்? இதற்காக உருவானதே ‘டாக்கிங் ஸ்டேஷன்’ எனப்படும் இணைப்புப் பெட்டி. கப்பல் துறையை அடைவதுபோல மடிக்கணினி மேசைக்கு வந்து சேர்வதை இப்பெயர் குறிக்கிறது. மற்றச் சாதனங்கள் யாவும் பெட்டியுடன் எப்போதும் இணைந்திருக்கும். அதிலிருந்து வரும் ஒரே கம்பிவடத்தை மடிக்கணினியில் செருகினால் போதும். படம், ஒலி, தரவு ஆகியவற்றுடன் பெரும்பாலும் மின்சாரமும் அதன் வழியே செல்லும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு குறிப்பிட்ட கணினிக்கே பொருந்தியது. 1992இல் ஆப்பிள் வெளியிட்ட பவர்புக் டுவோ என்னும் மடிக்கணினியை, வீடியோ நாடாவைக் கருவிக்குள் தள்ளுவதுபோல அதன் பெட்டிக்குள் தள்ள வேண்டும். 2014இல் அறிமுகமான யுஎஸ்பி-சி இந்நிலையை மாற்றியது. பல நிறுவனங்களின் கணினிகளிலும் ஒரே வடிவ இணைப்புத்துளை இடம்பெறலாயிற்று.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வடிவம் ஒன்றாக இருந்தாலும் திறன் ஒன்றாக இருப்பதில்லை. சில யுஎஸ்பி-சி துளைகள் படத்தைக் கடத்துவதில்லை. அவற்றில் சாதாரண இணைப்புப் பெட்டியைச் செருகினால் சுட்டி இயங்கும். பெரிய திரையோ கறுப்பாகவே இருக்கும். 100 வாட் தேவைப்படும் கணினிக்குப் பெட்டி 60 வாட் மட்டுமே தந்தால், கடுமையான பணியின்போது மின்கலம் மெல்லக் குறையும். எம்1 சில்லு கொண்ட மேக்புக் ஏர் நேரடியாக ஒரு வெளித்திரையை மட்டுமே இயக்கும். இரு திரைகளுக்கு இடமுள்ள பெட்டியை வாங்குவதால் மட்டும் அந்த வரம்பு மாறிவிடாது.

ஆகவே, பெட்டியின் விலையைப் பார்ப்பதற்கு முன்பு கணினியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். சுட்டியையும் விசைப்பலகையையும் மட்டும் இணைக்க விரும்புவோருக்கு இப்பெட்டியே தேவையில்லை. விலை மலிவான யுஎஸ்பி பிரிப்பான் ஒன்றே போதும்.