மாணவர் கைக்கேற்ற நுண்கட்டுப்படுத்தி

மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்க விழையும் மாணவர் முதற்கண் வினவுவது, ‘எந்தச் சில்லு விலை குறைந்தது?’ என்பதே. அவ்வினா பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. சில்லின் விலை ஒன்று. அதனைப் பணிகொள்ளுதற்கு ஆகும் செலவு மற்றொன்று. விடுதிச் செலவிற் சிறிது மிச்சம் பிடித்துப் பொருள் வாங்குவார்க்கு இவ்வேறுபாட்டை அறியாமை நட்டமாய் முடியும். வாங்கியது பெட்டியிற் கிடக்கும். வாங்கியவர் ஊக்கமும் அதனோடு கிடக்கும். தமிழ் பயிலும் நமக்கு இத்துறையில் என்ன வேலை என்பார்க்கு விடை பின்னர்க் கூறுவாம்.

கடைகளில் மைக்ரோகண்ட்ரோலர் என வழங்கும் நுண்கட்டுப்படுத்தியாவது, கணக்கிடும் பகுதியும், நினைவகமும், புறத்தோடு தொடர்புகொள்ளும் முனைகளும் ஒரே சில்லில் அமைந்தது. நாம் எழுதும் நிரலை அதனுள் ஏற்றுதல் வேண்டும். செலவு மறைந்து நிற்பது இவ்விடத்தேயாம். முன்னாளில், திரும்ப எழுதத்தக்க சில்லுகள் பலவற்றிற் பழைய நிரலை அழித்தற்குப் புறவூதாக் கதிரைப் பல நிமிடம் பாய்ச்ச வேண்டியிருந்தது. அதற்கென ஒரு விளக்கும், நிரலேற்ற வேறொரு கருவியும் வாங்கவேண்டும். 1993இல் வெளிவந்த பிக் 16சி84 என்னும் சில்லு மின்னாலேயே அழித்தெழுதத் தக்கதாய் அமைந்தமையின், வீட்டிலிருந்து பயில்வார்க்கு வழி எளிதாயிற்று. 2005இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், வடிவமைப்புப் பயிலும் மாணவர்பொருட்டுத் தோன்றிய ஆர்டுயினோப் பலகை அவ்வழியை அகலமாக்கிற்று. நிரலேற்றத் தனிக்கருவி வேண்டாது, கணினியோடு ஒரு வடத்தால் இணைத்தலே போதுமாயிற்று, மென்பொருளும் இலவசம்.

இனி, செடித்தொட்டியின் மண் உலர்ந்தவழிச் சிறு நீர்ப்பம்பை இயக்குவதே நம் நோக்கமெனக் கொள்வோம். மணிக்கொருமுறை ஈரம் அளக்கும் இப்பணிக்கு மிகுவிரைவு எற்றுக்கு? ஆர்டுயினோ ஊனோவிலுள்ள ஏ.டி.மெகா 328பி என்னும் 8 பிட்டுச் சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட்டும், ஓடுங்கால் வேண்டும் நினைவிற்கு 2 கிலோபைட்டும் உள, அவை தாராளம். 2021இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பைக்கோவில் 264 கிலோபைட்டு ஓடுநினைவு உண்டு. நிரற்கோப்பைக் கணினியிலிருந்து இழுத்து விடுதலே ஏற்றுதலாம். தொட்டியின் செய்தி கைப்பேசிக்கு வரவேண்டுமாயின், வைஃபை உடன்கொண்ட இ.எஸ்.பி. 32 ஏற்றது. அது வேண்டாதார்க்கு அவ்வசதி மின்கலத்தை உண்ணும் வாயேயாம்.

ஏறக்குறைய 10 சென்டுக்குக் கிடைக்கும் சி.எச். 32வி003 போன்ற சில்லுகளும் இக்காலத்து உள. நூறு கருவி செய்வார்க்கு அவை நன்று. ஒன்றே செய்வார், சில்லினும் பன்மடங்கு விலையுள்ள நிரலேற்றியைத் தனியே வாங்குதல் வேண்டும். மலிவு எங்கே நின்றது?

மின்னழுத்தத்தையும் நோக்குக. ஊனோ 5 வோல்ட்டில் இயங்குவது, பைக்கோவும் இ.எஸ்.பி. 32உம் 3.3 வோல்ட்டின. 5 வோல்ட்டு உணரியின் வெளியீட்டை இவற்றின் முனையில் நேரே கொடுத்தால் சில்லு கெடுதலும் உண்டு. பம்பையும் முனையில் நேரே பூட்டலாகாது. ஊனோவின் முனையொன்று தாங்குவது மிகுதியாயினும் 40 மில்லியாம்பியரே. இடையே ஒரு டிரான்சிஸ்டரும் டயோடும் வைத்தல் வேண்டும். அவற்றின் விலை அற்பம்.

இனி, தமிழ் மாணவர் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. தொல்காப்பியச் சூத்திரங்களை இளம்பூரணர் முதலியோர் உரையின்றிப் பயிலப் புகுவார் எத்துணை இடர்ப்படுவரோ, அத்துணை இடர்ப்படுவர் விளக்கவேடு இல்லாச் சில்லைக் கைக்கொண்டாரும். ஊனோவிற்கும் பைக்கோவிற்கும் உரைகள் மிகப் பல. ஐயம் தோன்றியவிடத்து முன்னமே ஒருவர் வினவி விடைபெற்றிருப்பர். நம் கருத்தில், தொடங்குவார்க்கு இவ்வொன்றே ஏனைச் சிறப்பெல்லாவற்றினும் மேலானது.

ஊனோவின் அமைப்பு யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டது. ஆதலின் பிறர் செய்து தம் பெயரால் விற்கும் பலகைகள் முறையானவையே. மூலப்பலகையின் பெயரையும் குறியையும் பொய்யாகப் பொறித்தவையே விலக்கத்தக்கன. எஞ்சிய பணத்திற்கு முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குக. லாஜிக் அனலைசர் பின்னர் ஆகட்டும். அதன்பின்னும் கையிற் காசிருப்பின், வேறுவகைப் பலகை வாங்காது அதே பலகையில் இன்னொன்று வாங்குக. ஒன்று இயங்காதபோது அதே நிரலை மற்றதில் ஏற்றிப் பார்த்தால், குற்றம் பலகையதா நிரலதா என்பது விளங்கும்.